அந்த மைதானம் எங்கே?

விஞ்ஞானக் கதை ரசிகர்களுக்கென்று இரண்டு வருஷம் மதிப்புரை எழுதினேன். ஒரு பத்திரிகையில், மாதம் ஒரு பக்கம். நிபந்தனைகள் மூன்று. கதையின் முடிவைச் சொல்லக் கூடாது. ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட வேண்டும். படமோ தொடரோ ஒரு நாவலிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், மூலத்துக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்கிறது என்று ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும். ரசிகன் முதலில் தேடுவது அதைத்தான் என்றார் ஆசிரியர். மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன். மூன்றும் சேர்ந்து என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருந்தன என்பது 2023-ல் ஒரு வாசகரிடமிருந்து வந்த தபால் கார்டில்தான் தெரிந்தது. அதில் ஒரே ஒரு வரி: “அந்த மைதானம் எங்கே?”

எந்த மைதானம் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெட்கப்பட வேண்டியது அதற்குத்தான். தெரியாமல் விட்டிருந்தால் அது அறியாமை. நான் தெரிந்தே விட்டிருந்தேன். கார்டுக்குப் பதில் எழுதவில்லை. இது பதில்.

நான் மதிப்புரை எழுதியிருந்தது லியு ஸிஷினின் ‘த்ரீ பாடி ப்ராப்ளம்’ நாவலை வைத்துச் சீனாவில் டென்ஸென்ட் நிறுவனம் எடுத்த டெலிவிஷன் தொடருக்கு. 2023 ஜனவரியில் வந்தது; முப்பது பகுதிகள். நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் பின்பற்றும் விசுவாசமான ஆக்கம் என்று எழுதி, நான்கு நட்சத்திரம் போட்டிருந்தேன். மூன்று சூரியன்களுக்கு நடுவே அகப்பட்டு, நாளை உறைபனியா நெருப்பா என்று கணிக்க முடியாத கிரகம்; அந்தக் கிரகத்தைப் பற்றிய கம்ப்யூட்டர் விளையாட்டு; பனாமா கால்வாயில் கண்ணுக்குத் தெரியாத இழைகளால் ஒரு கப்பல் துண்டு துண்டாக அறுபடும் காட்சி. ரசிகன் எதிர்பார்க்கும் எல்லாம் இருந்தன. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ‘டிக்’ அடித்தேன்.

நாவலின் ஆணிவேர் இவற்றில் எதிலும் இல்லை. 1967-ல், கலாசாரப் புரட்சியின் நடுவில், ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் அது இருக்கிறது. பௌதிகப் பேராசிரியர் யே ஜெதாயை மேடையேற்றி, தாம் கற்பித்த விஞ்ஞானத்தைத் தாமே மறுக்கச் சொல்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. அவர் மனைவியே மேடையேறி அவருக்கு எதிராகப் பேசுகிறாள். பள்ளிக்கூட வயது தாண்டாத நான்கு பெண்கள் பெல்ட்டின் பித்தளைப் பூட்டால் அடித்து அவரைக் கொல்கிறார்கள். கூட்டத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவருடைய மகள் யே வென்ஜியே. பிற்பாடு காடு வெட்டும் முகாமில், ரேச்சல் கார்ஸனின் ‘ஸைலன்ட் ஸ்ப்ரிங்’ என்ற புத்தகம் காரணமாக, நம்பிய ஒருவனே அவளைக் காட்டிக்கொடுக்கிறான். இன்னும் பிற்பாடு, ஒரு ரகசிய ராடார் நிலையத்தில், வேற்றுக் கிரகத்திலிருந்து ஒரு செய்தி அவள் கைக்கு வருகிறது. பதில் அனுப்பாதே, அனுப்பினால் உன் உலகம் பிடிபடும் என்கிறது செய்தி. அவள் பதில் அனுப்புகிறாள்.

இந்த நாவல் முழுவதும் அந்த ஒரு விரலசைப்பில் நிற்கிறது. மனித குலத்தைப் பிறர் கையில் ஒப்படைக்க ஒரு மனுஷிக்கு எப்படி மனம் வந்தது? மைதானம் இருந்தால் இது கேள்வி. வாசகன் அவளைக் கண்டிக்கிற அதே கணத்தில் அவள் பக்கமும் நிற்க வேண்டியவனாகிறான். மைதானத்தை எடுத்துவிட்டால் அவள் வெறும் சதிகாரி, அல்லது மனம் பேதலித்தவள். டென்ஸென்ட் தொடரில் அந்தக் காட்சி இல்லை. தந்தையின் சாவு குறிப்புகளில் ஒதுங்கிப் போகிறது. முப்பது பகுதிகளில் கப்பலுக்கு இடம் இருந்தது, இதற்கு இல்லை.

ஏன் இல்லை என்பது ரகசியம் அல்ல. நாவலுக்கே இந்தச் சரித்திரம் உண்டு. 2006-ல் சீன விஞ்ஞானக் கதைப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்தபோது மைதானம் ஆரம்பத்தில் இருந்தது. 2008-ல் புத்தகமானபோது, தணிக்கையாளரின் கண்ணை உறுத்தாமலிருக்க அதை நடுப்பக்கங்களுக்கு நகர்த்தினார்கள். 2014-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த கென் லியு, ஆசிரியரின் சம்மதத்தோடு அதைத் திரும்ப முதலில் வைத்தார். அந்த மொழிபெயர்ப்புதான் 2015-ல் ஹ்யூகோ பரிசு பெற்றது. ஆக, மொழிபெயர்ப்பு மூலப் புத்தகத்தின் வரிசையை மீறியது. மீறித்தான் மூலத்தின் முதல் வடிவத்துக்கு விசுவாசமாக இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ‘விசுவாசமான ஆக்கம்’ என்று எழுதினேன். எத்தனை சம்பவங்கள் வந்திருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு எந்தச் சம்பவம் வரவில்லை என்பது ஒரு புள்ளிக் குறைவு. ஐந்தில் ஒரு நட்சத்திரம் போயிற்று, அவ்வளவுதான்.

மறு வருஷம், 2024 மார்ச்சில், நெட்ஃப்ளிக்ஸின் எட்டுப் பகுதித் தொடர் வந்தது. ரசிகர்களுக்கு ஆத்திரம். நாவலின் சீன நாயகனை உடைத்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஐந்து நண்பர்களாக்கிவிட்டார்கள். கதையை லண்டனுக்குக் கடத்திவிட்டார்கள். ஆத்திரம் நியாயம்தான். ஆனால் தொடரின் முதல் காட்சியே மைதானம்! விசுவாசத்துக்கு மார்க் போடும் கணக்குப்பிள்ளை இங்கே என்ன செய்வான்? அவனுடைய பேரேட்டில் இதற்குப் பத்தி கிடையாது.

அதற்காக நெட்ஃப்ளிக்ஸுக்கு மாலை போட நான் தயாரில்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு 1966-ன் சீனாவைக் காட்டத் துணிச்சல் எதுவும் வேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் குற்றத்தைச் சொல்வது எப்போதும் சுலபம். மேலும், மைதானத்தைக் காட்டிவிட்டு அதை மறந்தும் போகிறது தொடர். பிறகு வரும் ஐந்து பேருக்கும் காதல் உண்டு, நோய் உண்டு, சாவு உண்டு, சரித்திரம் இல்லை. அந்தப் பெண்ணின் விரல் ஏன் அசைந்தது என்ற கேள்வி அவர்களில் யாரையும் தொடுவதில்லை. ஒரு தொடர் கேள்வியை அழித்தது. மற்றது கேள்வியை அலங்கார வளைவாக வாசலில் கட்டிவிட்டு உள்ளே வேறு கல்யாணம் நடத்தியது.

விசுவாசம் என்ற அளவுகோலே பயனற்றது என்று சொல்ல வரவில்லை. எதற்கு விசுவாசம் என்று கேட்காமல் அளப்பதுதான் பயனற்றது. டெனி வில்நெவின் ‘ட்யூன்’ படத்தின் இரண்டாம் பாகம் இதை மறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அதுவும் 2024 மார்ச்சில் வந்தது. ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் நாவல் 1965-ல் வெளியானது. தேவதூதனாகக் கொண்டாடப்படும் தலைவனை நம்பாதே என்பதே ஹெர்பர்ட் சொல்ல வந்தது. வாசகர்கள் பாலை நம்பினார்கள்; ரசித்தார்கள்; அவனாகவே ஆக ஆசைப்பட்டார்கள். 1969-ல் ஹெர்பர்ட் ‘ட்யூன் மெஸாயா’வை வெளியிட்டு, அவன் பெயரால் நடந்த புனிதப் போரின் பிணக்கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது. 1984-ல் டேவிட் லிஞ்ச் எடுத்த படமோ முடிவில் பாலைவனத்தில் மழையே பெய்ய வைத்து, அவனைச் சந்தேகமில்லாத கடவுளாக்கிவிட்டது.

வில்நெவ் நாவலை மாற்றுகிறார். நாவலில் சானி பாலை நம்புகிறவள். அவன் பேரரசரின் மகளை அரசியலுக்காக மணக்கும்போது ஆசைநாயகியாக உடனிருக்கச் சம்மதிக்கிறவள். சரித்திரம் நம்மை மனைவியர் என்றுதான் அழைக்கும் என்று பாலின் தாய் அவளைத் தேற்றுவதோடு நாவல் முடிகிறது. படத்தில் சானி ஆரம்பம் முதலே நம்பாதவள். தன் ஜனங்கள் மண்டியிடும்போது அவள் மண்டியிடுவதில்லை. கடைசியில் தனியே மணலுக்குள் போய், மணற்புழுவை வரவழைத்து அதில் ஏறிப் போகக் காத்து நிற்கிறாள். படம் அவள் முகத்தில் முடிகிறது. நாவலின் சம்பவத்துக்கு இது துரோகம். நாவலாசிரியரின் நோக்கத்துக்கு விசுவாசம். இன்னும் சொன்னால், இது ஒரு விமர்சனம். கட்டுரையாக எழுதப்பட வேண்டிய ஒன்று ஒரு பாத்திரத்தின் முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

முழு வெற்றி என்றும் சொல்ல முடியவில்லை. பால் கூட்டத்தின் நடுவே நின்று கர்ஜிக்கும் காட்சியில் ஹான்ஸ் ஸிம்மரின் சங்கீதமும், ஆயிரக்கணக்கான உடல்களின் அலையும் நம்மை நாற்காலியிலிருந்து தூக்குகின்றன. நான் படம் பார்த்த கொட்டகையில் விசில் பறந்தது. நம்பாதே என்று சானியின் முகம் சொல்கிறது. நம்பு என்று கொட்டகையின் ஒலிபெருக்கிகள் சொல்கின்றன. ஒலிபெருக்கிகள்தான் ஜெயித்தன. பிரம்மாண்டத்தைக் கண்டிக்கப் பிரம்மாண்டத்தையே கையாளும் கலைஞன் சந்திக்கிற பழைய தோல்வி இது. ஆனால் இது பேசத் தகுந்த தோல்வி. முடிவைச் சொல்லாதே என்ற நிபந்தனைக்கு உட்பட்டு இதில் ஒரு வாக்கியத்தைக்கூட நான் எழுதியிருக்க முடியாது. படத்தின் பொருள் அதன் கடைசி முகத்தில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் எழுதப்படும் மதிப்புரை டிக்கட் விற்கிற காரியம்.

ரசிகர்களுக்கு எழுதுவதென்றால் இவ்வளவுதான் முடியும் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். விஞ்ஞானக் கதை ரசிகர் உலகத்தின் பூர்வகதை வேறு. 1926-ல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் ‘அமேஸிங் ஸ்டோரிஸ்’ ஆரம்பித்தார். அதன் கடிதப் பகுதியில் வாசகர்களின் விலாசங்களும் அச்சாயின. ஒருவரையொருவர் விலாசம் பார்த்து எழுதிக்கொண்டவர்கள் 1930 முதல் தங்களுக்குள் சின்னஞ்சிறு ஏடுகள் நடத்தத் தொடங்கினார்கள். கைக்காசு, ஸ்டென்சில், சில பத்துப் பிரதிகள். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படி ஓர் ஏட்டில்தான் 1945-ல், இருபதுகளின் தொடக்கத்திலிருந்த டேமன் நைட், அன்றைய ரசிகர்களின் கண்கண்ட தெய்வமான ஏ. இ. வான் வோக்ட்டின் ‘வேர்ல்ட் ஆஃப் நல்-ஏ’ நாவலைக் கிழித்துப் போட்டார். கதை முழுவதையும் பிரித்துப் பரப்பி, எந்த முடிச்சு எந்த முடிச்சோடு சேரவில்லை என்று காட்டினார். வான் வோக்ட் பிற்பாடு ஒரு பதிப்பின் முன்னுரையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, நாவலையும் திருத்தினார். இன்னும் பிற்பாடு ஃபிலிப் கே. டிக், வான் வோக்ட்டின் அந்தக் குழப்பத்தில்தான் உலகம் உள்ளபடி தெரிகிறது என்று அவர் பக்கம் பேசினார். நைட் சொன்னதும் சரி, டிக் சொன்னதும் சரி. முதலாமவர் அவ்வளவு ஸ்தூலமாகச் சொல்லியிருக்காவிட்டால் இரண்டாமவருக்கு மறுக்க எதுவும் இருந்திருக்காது. நட்சத்திரத்தை மறுக்க முடியுமா?

நைட் தம் வாசகனை மதித்தார். ரசிகன் ஒரு குழந்தை, அவன் பொம்மையை உடைக்காதே என்று அவர் நினைக்கவில்லை. இலக்கியக்காரர்களான நாமும் இந்த விஷயத்தில் யோக்கியர்கள் அல்ல. ஸமந்தா ஹார்வேயின் ‘ஆர்பிட்டல்’ நாவலுக்கு 2024-ல் புக்கர் பரிசு கிடைத்ததும், இது விஞ்ஞானக் கதை அல்லவே, இலக்கியமாயிற்றே என்று ஒரு சாரார் முந்திக்கொண்டார்கள். ஒன்றுமே நடக்கவில்லையே என்று ரசிகர்களில் ஒரு சாரார் சலித்துக்கொண்டார்கள். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர். இருபத்து நான்கு மணி நேரம். பூமியைப் பதினாறு சுற்று. ஒரே நாளில் பதினாறு உதயம், பதினாறு அஸ்தமனம். கீழே ஒரு புயல் திரண்டு பிலிப்பைன்ஸை நோக்கிப் போகிறது. மேலே ஒருத்திக்குத் தாய் இறந்த செய்தி வருகிறது. ஒரு சுற்றுக்குத் தொண்ணூறு நிமிஷம் என்பதை ஏற்கனவே உடம்பில் ஏற்றி வைத்திருக்கும் விஞ்ஞானக் கதை ரசிகனே இந்த நாவலுக்கு உத்தம வாசகன். துக்கம் அனுஷ்டிக்க ஒரு பகல்கூட முழுதாகக் கிடைக்காத அந்தப் பெண்ணின் நிலைமை அவனுக்குத்தான் முதலில் உறைக்கும். அவனிடம் உள்ள இந்தச் சக்தியை யாரும் கேட்பதில்லை. அவனிடம் கேட்கப்படுவதெல்லாம் பட்டியல் சரிபார்ப்பு.

எனக்குக் கார்டு எழுதியவர் அப்படிப்பட்ட ரசிகர் என்றுதான் நினைக்கிறேன். நாவலைப் படித்தார், தொடரைப் பார்த்தார், எது இல்லையென்று உடனே கண்டார். நான் இரண்டு வருஷத்தில் எழுதிய பக்கங்கள் அத்தனையிலும் இல்லாத விமர்சனம் அவருடைய மூன்று வார்த்தையில் இருந்தது. அந்தக் காட்சி இல்லாமல் தொடர் எடுத்தவர்களுக்காவது ஒரு நிர்ப்பந்தம் இருந்தது. அரசாங்கத்தின் நிழல் அவர்கள்மேல் விழுந்திருந்தது. என் மேஜைமேல் யார் நிழலும் விழவில்லை. தணிக்கையாளர் வேண்டியிராத ஊரில் உட்கார்ந்துகொண்டு, அவர் வேலையை நான் சம்பளமில்லாமல் செய்து முடித்தேன்.

கார்டு எழுதிய நண்பருக்கு: மைதானம் நாவலில் இருக்கிறது. நான் நான்கு நட்சத்திரம் போட்ட தொடரில் இல்லை. இதை நான் 2023-லேயே எழுதியிருக்க வேண்டும்.