வினைமுற்று எங்கே?

அமெரிக்க நாட்டு நகர மன்றங்களிலே ஒரு வழக்கம் உண்டு. வரியும் வரவு செலவும் சாக்கடையும் சாலையும் பேசப்படுவதற்கு முன்பு, நகரத் தந்தை எழுந்து நின்று ஒரு பிரகடனம் படிப்பார். ‘இது தீத்தடுப்பு வாரம்’ என்பார் ஒரு நாள். ‘இது மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுத் திங்கள்’ என்பார் மற்றொரு நாள். ‘மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பை நினைவூட்டும் திங்கள் இது’ என்பார் பிறிதொரு நாள். முத்திரை பொறித்த தாள், அந்தத் துறையிலே தொண்டாற்றுவோர் கையில் தரப்படும். கைதட்டல் எழும், படம் எடுக்கப்படும். பிறகு மன்றம் தன் அலுவலுக்குத் திரும்பும்.

இந்தப் பிரகடனமும் ஓர் இலக்கிய வகையே என்பது நம் கருத்து. காவியத்தைத் திறனாய்வோர் உண்டு, கவிதையைத் திறனாய்வோர் உண்டு. மக்கள் பெயரால், மக்கள் பணத்தில், மக்களுக்கென்றே எழுதப்படும் இந்த உரைநடையைத் திறனாய்வோர் எத்தனை பேர்? அரசாங்கத்தின் ஏடு என்றால் அதை அலமாரிக்கு அனுப்பிவிடுவதா? படித்துப் பார்ப்போம், தோழர்களே!

அதன் அமைப்பு எளிது. ‘தீ ஆண்டுதோறும் உயிர்களைக் குடிக்கிறது என்பதாலும், எச்சரிக்கை மணி உள்ள வீட்டார் தப்பிக்க நேரம் கிடைக்கிறது என்பதாலும், நம் தீயணைப்பு வீரர்கள் அஞ்சா நெஞ்சினர் என்பதாலும்’ என்று அடுக்கடுக்காகக் காரணங்கள் வரும். ஆறு வரும், எட்டு வரும், சில வேளை பத்தும் வரும். கடைசியிலே ‘எனவே’ என்றொரு சொல். நெஞ்சு நிமிர்கிறது. எனவே என்ன? ஏழை வீட்டுக்கெல்லாம் எச்சரிக்கை மணி தரப் போகிறார்களா? பழைய கட்டடங்களைச் சோதிக்கப் போகிறார்களா? இல்லை! ‘எனவே இந்த வாரத்தைத் தீத்தடுப்பு வாரம் எனப் பிரகடனம் செய்கிறேன், மக்கள் அனைவரும் இதனைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.’ மலைபோல் எழுந்த வாக்கியம், நாட்காட்டியின் ஒரு தாளிலே போய்ப் படுத்துக்கொள்கிறது.

இலக்கணம் நடத்தும் ஆசிரியர்கள் நாம். ‘கந்தன் கடைக்குச் சென்று’ என்று எழுதி மாணவன் நிறுத்தினால் நாம் விடுவதில்லை. ‘சென்று என்ன செய்தான்? வினைமுற்று எங்கே?’ என்று கேட்கிறோம். பத்து வயதுச் சிறுவனிடம் கேட்கும் அந்தக் கேள்வியை நகர மன்றத்திடம் கேட்கக் கூடாதா? சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். மெய்க்கீர்த்தியிலே மன்னன் புகழ் வானளாவ நிற்கும். மிகை என்று நாம் நகைக்கலாம். ஆனால் அந்தப் புகழுரை முடிந்த பின், கொடுத்த நிலம் எவ்வளவு, அதன் எல்லை எது என்று அளவோடு எழுதினான் கல்வெட்டு எழுதியவன். இன்றைய பிரகடனத்திலோ புகழுரை இருக்கிறது, அளவு இல்லை.

‘வெறும் சொல்லுக்கு மதிப்பே இல்லையா?’ என்று கேட்கக்கூடும். உண்டு. சிகாகோ நகரம் அதற்குச் சான்று. 1871 அக்டோபர் 8 அன்று அங்கே மூண்ட பெருந்தீயிலே ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். இன்று அக்டோபர்தோறும் தீத்தடுப்பு வாரம் கொண்டாடப்படுவது அந்தத் தீயின் நினைவாகத்தான். தீக்குக் காரணம் யார்? விசாரணை விடை காணவில்லை. ஆனால் வதந்தி விடை கண்டுவிட்டது! அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைப் பெண் கேத்தரின் ஓ’லியரி. அவளுடைய பசு விளக்கை உதைத்ததாம், நகரம் எரிந்ததாம். ஆதாரமில்லாத அந்தக் கதையைச் சுமந்தே அவள் வாழ்ந்து மடிந்தாள். 1997-இல் சிகாகோ நகர மன்றம், அவளும் அவள் பசுவும் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. சொல்லால் நேர்ந்த கொடுமை, சொல்லாலேயே துடைக்கப்பட்டது. அங்கே சொல்தான் செயல். காலங்கடந்த செயல் எனினும் செயலே.

ஆனால் எல்லாக் கொடுமையும் சொல்லால் நேர்ந்ததா? அதே சிகாகோவில் 1903-இல் இராக்குவா நாடக அரங்கம் திறக்கப்பட்டது. ‘முற்றிலும் தீப்பிடிக்காதது’ என்று விளம்பரம் செய்தார்கள். டிசம்பர் 30 அன்று அது தீப்பற்றியது. 602 உயிர்கள் போயின. வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. சில, திரைகளுக்குப் பின்னே மறைந்து கிடந்தன. சொல்லிலே தீப்பிடிக்கவில்லை, அரங்கிலேதான் பிடித்தது! அதன் பிறகு நகரத் தந்தை நாடக அரங்குகளை மூட ஆணையிட்டார். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், வழி தெளிவாகக் காட்டப்பட வேண்டும் என்ற விதிகள் வலுப்பெற்றன. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்லும் விதியிலே கவிதை இல்லை, உயிர் இருக்கிறது.

நோயிலும் இதே பாடம். 1918-இல் இன்புளூயன்சா பரவியபோது பிலடெல்பியா நகரத்தார் அறிவுரை கூறத் தவறவில்லை. இருமும்போது வாயை மூடுக, கண்ட இடத்தில் துப்பாதீர் என்று விழிப்பூட்டினர். ஊட்டிய கையோடு, செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் ஊர்வலத்தையும் நடத்தினர். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் தெருவிலே தோளோடு தோள் உரசினர். சில நாட்களிலே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயி நகரத்தில் நடந்தது வேறு. நலவாழ்வு ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப் வற்புறுத்த, நகரத் தந்தை ஹென்றி கீல் அக்டோபர் 7 அன்று பிரகடனம் வெளியிட்டார். நாடக அரங்கு மூடப்படும், பள்ளி மூடப்படும், மாதா கோவில் கூட்டமும் நிறுத்தப்படும் என்றது அது. வணிகர் முணுமுணுத்தனர். ஆனால் அங்கே இறப்பு வீதம் பிலடெல்பியாவைவிடப் பெரிதும் குறைந்தது. இரண்டு நகரமும் விழிப்போடுதான் இருந்தன. ஒன்று விழித்தபடியே நடந்து குழியில் விழுந்தது. மற்றொன்று விழித்து, நின்று, வழியை மாற்றியது.

இப்போது மாற்றுத்திறனாளிகள் பக்கம் வருவோம். நெஞ்சைச் சுடும் உண்மை இங்கேதான் இருக்கிறது. 1867-இல் சான் பிரான்சிஸ்கோவும், 1881-இல் சிகாகோவும் ஒருவகைச் சட்டம் செய்தன. உடல் ஊனமுற்றோர், நோயால் உருக்குலைந்தோர் பொதுத் தெருவிலே கண்ணில் படக்கூடாது என்பது சட்டம். மீறினால் தண்டனை! ‘அவலட்சணச் சட்டங்கள்’ என்று பிற்காலத்தவர் இவற்றுக்குப் பெயரிட்டனர். சிகாகோவின் சட்டம் 1974-இல்தான் நீக்கப்பட்டது. அந்தச் சட்டத்தின் இலக்கணத்தை உற்று நோக்குங்கள். யார் வரக்கூடாது, எங்கே வரக்கூடாது, வந்தால் என்ன தண்டனை, எல்லாம் தெளிவு! எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, முற்றும் உண்டு. மனிதனைத் தெருவிலிருந்து விரட்டும்போது வாக்கியம் முழுமையாக இருந்தது. அதே மனிதனை அதே தெருவுக்கு அழைக்கும்போது மட்டும் எச்சத்தோடு நின்றுவிடுவானேன்? விரட்டியது ஆணையால், வரவேற்பது வேண்டுகோளாலா?

முற்றுப்பெற்ற வாக்கியத்தை எழுதிய மன்றமும் உண்டு. 1971-இல் பெர்க்கிலி நகர மன்றம், தன் முக்கியக் கடைவீதிகளின் நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகள் சென்றுவர ஏற்றவாறு அமைக்கப்பட வேண்டும் என்று முடிவெடுத்தது. நடைபாதையின் விளிம்பு சரிவாக்கப்பட்டது. சக்கர நாற்காலி தெருவுக்கு வந்தது. அதன் பின்னே குழந்தை வண்டியும் தள்ளுவண்டியும் பெட்டி சுமந்த பயணியும் அதே சரிவிலே ஏறி இறங்கினர்.

எல்லா இடத்திலும் அப்படி எளிதாக வந்துவிடவில்லை. மத்திய அரசின் பணம் பெறும் எதிலும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கக்கூடாது என்று 1973-இல் சட்டம் வந்தது. அதை நடைமுறையாக்கும் விதிகளோ நான்கு ஆண்டுகள் கையெழுத்தின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரலிலே நூற்றுக்கு மேற்பட்டோர் சான் பிரான்சிஸ்கோவின் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து, மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே அமர்ந்தனர். கையெழுத்து விழுந்த பின்பே வெளியேறினர். 1990 ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பிறந்தது. அதன் பிறகும் என்ன நடந்தது? 1996-இல் டென்னசி மாநிலத்தின் ஒரு கவுண்டி வழக்கு மன்றத்திலே, ஜார்ஜ் லேன் என்பவர் சக்கர நாற்காலியை விட்டிறங்கி, இரண்டு மாடிப் படிகளைத் தவழ்ந்தே ஏறினார். மறுமுறை தவழ மறுத்தார். வழக்குக்கு வரவில்லை என்று கைது செய்யப்பட்டார்! அவர் பக்கமே நீதி என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அவர் பக்கம், நால்வர் எதிர்ப்பக்கம். படிக்கட்டைச் சரிவாக்க ஒரு கொத்தனார் போதும்; உரிமையை நிலைநாட்டவோ ஒரு நாட்டின் உச்ச மன்றம் வேண்டியிருந்தது.

சேக்ரமெண்டோ நகரத்து நடைபாதை வழக்கும் நாம் அறிய வேண்டியதே. நடைபாதையும் நகராட்சி செய்யும் பணியே, ஆகவே சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பின்னர் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, போக்குவரத்து நிதியில் 20 விழுக்காட்டை 30 ஆண்டுகள் வரை நடைபாதைச் சீரமைப்புக்கு ஒதுக்க நகரம் ஒப்புக்கொண்டது. இருபது விழுக்காடு, முப்பது ஆண்டு! இதுவல்லவோ வினைமுற்று!

‘பிரகடனம் சட்டமல்ல, அது மரியாதை. மரியாதையைப் போய்ச் சட்டம்போல் எடைபோடலாமா?’ என்று சிலர் கேட்பர். அது சட்டமல்ல என்பது உண்மைதான். ஆனால் செலவில்லாத மரியாதையே செலவாகும் கடமைக்கு ஈடாகக் காட்டப்படும்போது எடைபோடாமல் என்ன செய்வது? மாற்றுத்திறனாளியைப் புகழ்ந்து தாள் கொடுக்கும் மேடைக்குப் படிக்கட்டு மட்டுமே இருந்தால், அந்தப் புகழ் அவர் காதுக்கு எப்படி இனிக்கும்?

பிரகடனத்தை ஒழிக்கச் சொல்லவில்லை நாம். முடிக்கச் சொல்கிறோம். அடுத்த ஆண்டு அதே வாரம் வரும்போது, முதல் வரியிலே சென்ற ஆண்டுக் கணக்கு இருக்கட்டும். எத்தனை நடைபாதை மூலைகள் சரிவாயின, எத்தனை வீடுகளுக்கு எச்சரிக்கை மணி போயிற்று, எத்தனை பேருக்கு இலவசப் பரிசோதனை நடந்தது, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் மீதி வேலை? இந்த ஐந்து வரி போதும்; பத்துக் காரணங்களும் அப்போது பொருள் பெறும்.

எந்த நாட்டு மன்றம் எழுதினாலும், அரசாங்கத் தாள் கைக்கு வந்தால் தலைப்பிலே மயங்காதீர், முத்திரையிலே சொக்காதீர். கடைசி வரிக்குப் போங்கள். அங்கே யார், என்ன, எப்போது, எவ்வளவு என்று தேடுங்கள். இல்லையென்றால் தாளைத் திருப்பிக் கொடுத்து, சிறுவனிடம் கேட்பதைப் போலவே பணிவோடும் விடாப்பிடியோடும் கேளுங்கள்: வினைமுற்று எங்கே?