பாலத்தைக் காப்பாற்றினால் போதுமா?

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 'இதை அமெரிக்காவில் செய்த மாதிரி நடைபாதை ஆக்கலாமே' என்று என் நண்பர்கள் குழுவில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. அதில் காட்டிய உதாரணம் நியூயார்க் மாநிலத்து பொக்கீப்ஸி பாலம். ஹட்சன் ஆற்றின்மேல் 1889-இல் திறந்தது. 1974-இல் தீப்பிடித்து ரயில் நின்றது, 2009-இல் நடைபாதையானது. நீளம் சுமார் 2.06 கி.மீ. நம்ம பாம்பனும் ஏறக்குறைய அதே நீளம்! அந்தப் பொருத்தத்தில் மயங்கி நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். இப்போது பார்த்தால், அந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள்.

முதலாவது துரு. பொக்கீப்ஸி பாலம் ஆற்றுக்கு 60 மீட்டருக்கும் மேலே நிற்கிறது. பாம்பன் 1914-இலிருந்து கடல் உப்பிலேயே நிற்கிறது. அங்கே ரயில் நின்றதற்குக் காரணமே அரிப்புதான். ரயிலைத் தாங்காத இரும்பு ஆளைத் தாங்கலாம். ஆனால் அரிப்பு நிற்காது, பராமரிப்புச் செலவும் நிற்காது.

இரண்டாவது இன்னும் பெரிசு. அதற்கு ராமேஸ்வரம் போக வேண்டாம், எங்க சேலம் பக்கமே போதும். அன்றைய சேலம் ஜில்லாவில் பஞ்ச காலத்துக்கு உதவும் என்று மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை போட்டார்கள். 1906-இல் திறந்து, 1913-இல் ஓசூர் வரை நீட்டினார்கள். உலகப்போர் நடுவே 1941-இல் மூடிவிட்டார்கள். இன்று அதே மொரப்பூர்–தருமபுரி ரயிலுக்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1983-இல் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தினார்கள். மூடும் ரயில்பாதையைத் துண்டு போடாமல் நடைபாதையாக வைத்துக்கொள்ளலாம். தேவைப்பட்டால் பின்னாளில் ரயிலே திரும்பி வரலாம். எங்க தொழிலில் பழைய நிரலை அழிக்குமுன் பிரதி எடுத்து வைப்போமே, அதேதான்.

அப்படிப் பார்த்தால் பாலம் தனிக் காட்சிப்பொருள் இல்லை, பாதையின் ஒரு கண்ணி. கனடாவில் 44 மீட்டர் உயர கின்சால் மரப்பாலத்தில் 1979-இல் ரயில் நின்றது. அதைச் செப்பனிட்டு 2011-இல் திறந்தபோது ஒரு நீண்ட நடைபாதையின் இரு பக்கமும் இணைந்தன.

ஃபார்வர்டில் பாலத்தின் படம் இருந்தது, பாதை இல்லை. அடுத்த தடவை நான் முதலில் கேட்கப்போவது: தண்டவாளம் போன பிறகு அந்த நிலம் யார் கையில் இருக்கிறது?