கூட்டம் என்றொரு வசை

சில மாதங்களுக்கு முன் தருமபுரியில் ஒரு சூழலியல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசியவர் காட்டை உண்மையிலேயே நேசிக்கிறவர். ஒகேனக்கல் பற்றிப் பேச்சு வந்தது. "முன்னெல்லாம் ஒகேனக்கல் எப்படி இருக்கும் தெரியுமா? இப்ப கண்ட கூட்டமும் வந்து நாறடிக்குது. நுழைவுக் கட்டணத்தைத் தலைக்கு அய்ந்நூறு ரூபா ஆக்கிப் பாருங்க, தானா கொறையும்" என்றார். அரங்கத்தில் கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழர் என் காதருகே குனிந்து, "கண்ட கூட்டம்னா நம்மளைத்தானே சொல்றாரு தோழர்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலைப் பற்றியது. இலக்கியப் பத்திரிகையில் டிக்கெட் பற்றி என்ன விமர்சனம் என்று சிலர் கேட்கலாம். கவிதையையும் கதையையும் மட்டும் பிரதி என்று வைத்துக்கொண்டு வாசித்தது போதும். கட்டணப் பலகையும் ஒரு பிரதிதான், வனச் சட்டமும் ஒரு பிரதிதான். யாருக்காக எழுதினார்கள், யாரை வெளியே நிறுத்திவிட்டு எழுதினார்கள் என்று கேட்டு வாசிக்க வேண்டியவை இவை.

முதலில் 'கூட்டம்' என்ற சொல். கோயில் வாசலில் ஆயிரம் பேர் சேர்ந்தால் அவர்கள் பக்தர்கள். கட்சி மேடைக்கு முன்னால் சேர்ந்தால் மக்கள் வெள்ளம். அதே ஆயிரம் பேர் டெம்போவில் ஏறி, புளிச்சோறு கட்டிக்கொண்டு அருவிக்கு வந்தால் மட்டும் 'கண்ட கூட்டம்'. ஒரு சொல் எண்ணிக்கையைச் சொல்வதுபோல் நடித்துக்கொண்டு தரத்தைச் சொல்கிறது. சாதியத்தின் மொழி எப்போதும் இப்படித்தான் வேலை செய்திருக்கிறது.

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் காலனியிலிருந்து வண்டி பேசிக்கொண்டு ஒகேனக்கல் போவார்கள். எங்கள் ஆயா ஊர்க் கிணற்றில் ஒரு நாளும் இறங்கியதில்லை. யாராவது மோந்து ஊற்றினால்தான் குடத்துக்குத் தண்ணீர். அந்த ஆயா ஒகேனக்கல்லில் மட்டும் யாரையும் கேட்காமல் இறங்கும். பக்கத்தில் குளிப்பது யார் என்று திரும்பிக்கூடப் பார்க்காது. "நம்மூர்ல நான் எந்தத் தெருன்னு ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். இந்தக் கும்பல்ல எவனுக்கு என்னா தெரியும்?" என்று சொல்லும். எம்.ஏ. தமிழுக்காக எத்தனையோ திறனாய்வு நூல்களைப் படித்தேன். கூட்டத்தைப் பற்றி இதைவிடச் சரியான திறனாய்வை எதிலும் பார்க்கவில்லை.

நம் சூழலியல் எழுத்தாளர்கள் காட்டுக்குள் தேடுவது தனிமையை. பத்திரிகைகளில் வருகிற கானகக் கட்டுரைகளில் மனிதர் வந்தாலே அமைதி கெட்டுவிடுகிறது. அவர்களுக்குத் தனிமை ஒரு பேறு. நமக்கோ தனிமை, பிறக்கும்போதே ஊருக்கு வெளியே அளந்து கொடுக்கப்பட்ட ஒன்று. சேரி தனி, சுடுகாடு தனி, டீக்கடையில் தம்ளர் தனி. எங்களுக்குக் கிடைக்காமல் போனது கூட்டம்தான். யாருடைய தோளும் யாருடைய தோளிலும் இடிக்கிற, இடித்தவனை யாரும் ஊர் கேட்காத கூட்டம். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியையும் அண்ணா நகரையும் கொண்டம்பட்டியையும் கொளுத்தியவர்களுக்கு எந்த வீடு யாருடையது என்று தெரிந்திருந்தது. அப்படி ஒரு மாவட்டத்தில் நம்மை யாருக்கும் தெரியாத ஓர் இடம் எவ்வளவு பெரிது என்பது கைதட்டியவர்களுக்கு எப்படிப் புரியும்?

டிக்கெட் சாதி கேட்பதில்லையே என்பார்கள். உண்மைதான், இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. சாதி கேட்கிற கிணற்றைவிடக் காசு கேட்கிற வாசல் மேல் என்றுதான் நம் பெரியவர்கள் நகரங்களுக்கு ஓடினார்கள். மகாடு நகராட்சி சவதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு போய் அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தீர்மானம் வெறும் காகிதம். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு வருகிறது. கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று பெயர் சொல்லிச் சொல்லித் திறந்துவிடுகிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் பணம் இல்லை. சாதியால் சாத்த முடியாத கதவைப் பணத்தால் சாத்தலாம் என்கிற சந்து அங்கே இருக்கிறது.

பராமரிப்புக்கென்று பத்து ரூபாய் வாங்குவது வேறு, ஆளைக் குறைக்கவென்றே அய்ந்நூறு வைப்பது வேறு. முன்னது கட்டணம், பின்னது வேலி. அய்ந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 2500 ரூபாய் ஆகும். நூறுநாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். ஒரு குளியலுக்கு ஏழு நாள் கூலி கொடுத்தும் போதாது, இன்னும் பஸ் செலவு இருக்கிறது. பெங்களூரிலிருந்து காரில் வருகிறவருக்கு அந்த 2500 பெட்ரோல் செலவோடு சேர்ந்து போய்விடும். கட்டணத்தை ஏற்றினால் கூட்டம் குறையும் என்பது சரி. யார் குறைவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

தேசியப் பூங்கா என்ற யோசனையே இப்படி ஆளைக் குறைத்துத்தான் பிறந்தது. 1872இல் அமெரிக்கா எல்லோஸ்டோனை அறிவித்தபோது அங்கே காலங்காலமாக வேட்டையாடிய பழங்குடிகள் வெளியே தள்ளப்பட்டார்கள். வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் 1939இல் லூயிஸ் மவுண்டன் என்ற இடத்தைக் கறுப்பர்களுக்கென்று தனியாக ஒதுக்கினார்கள். அங்கேயும் சேரி. பிறகு நிறப்பலகை போயிற்று, விலைப்பலகை நின்றது. 2017இல் 17 பெரிய பூங்காக்களில் நெரிசல் மாதங்களுக்குக் கார் கட்டணத்தை 70 டாலராக்கப் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்ததால் 2018இல் கைவிட்டார்கள்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். ஒகேனக்கல் தேசியப் பூங்கா இல்லையே என்று கேட்கலாம். ஆனால் காட்டுக்குள் யார் வரலாம் என்ற கேள்வி இங்கே இப்போது கூர்மையாகியிருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காப்புக்காடுகளைச் சேர்த்து 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு வருகிறது. தேசியப் பூங்காவுக்கும் இதுவே பொருந்தும். எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று அது பட்டியல் போடுகிறது: வன உயிர் ஆய்வு, படம் பிடித்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான வியாபாரம். அதற்குக் கட்டணமும் உண்டு. 2022 திருத்தத்தில் சினிமா எடுப்பதையும் சேர்த்தார்கள். விறகு பொறுக்க வருகிறவள் இந்தப் பட்டியலில் இல்லை, நெல்லிக்காய்க்கு வருகிறவள் இல்லை. சிறு வன மகசூல் சேகரிப்பது உரிமை என்று ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது. பார்க்க வருகிறவன் விருந்தாளி, பிழைக்க வருகிறவள் திருடி. சட்டம் என்கிற பிரதியின் அழகியல் இது.

சினிமா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1992 ஆகஸ்ட் 15 அன்று 'ரோஜா' வெளிவந்தது. அதன் முதல் பாட்டில் பெரும்பகுதி ஒகேனக்கல்லில் எடுத்தது. அருவியில் ஒரு பெண் ஆசைகளை அடுக்கி ஆடுகிறாள், நாடே அவளோடு சேர்ந்து பாடியது. அதற்கு எட்டு வாரம் முன்பு, ஜூன் 20 அன்று, இதே மாவட்டத்தின் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்தார்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்கள் 18 பேரை வல்லுறவு செய்தார்கள், வீடுகளை உடைத்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டு. படத்தை நான் குற்றம் சொல்லவில்லை. ஒரே கோடையில் ஒரே மாவட்டத்தின் இயற்கை ஒரு பெண்ணுக்கு ஆசையாகவும் இன்னொரு பெண்ணுக்கு வதையாகவும் இருந்ததைச் சேர்த்து வாசிக்க நம் திரை விமர்சனம் கற்றுக்கொள்ளவே இல்லை என்கிறேன். காட்டுக்குள் இருந்ததற்காக வாச்சாத்திப் பெண்கள் கொடுத்தது எந்தக் கட்டணப் பலகையிலும் வராது.

இலக்கியத்திலும் இதே கதைதான். தகடூர் அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த பெருமையைப் பேசாத மேடை இந்த மாவட்டத்தில் கிடையாது. எளிதில் ஏறமுடியாத மலைப்பிளவிலிருந்து வந்த கனி என்று புறநானூறே சொல்கிறது. கொடுத்த கை தெரியும், வாங்கிய கை தெரியும். ஏறிப் பறித்த கை எது? வகுப்பில் நான் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் பாட்டுல இல்லப்பா" என்றார் ஆசிரியர். பாட்டில் இல்லாததைக் கேட்பதுதான் நம் விமர்சனத்தின் வேலை.

ஒகேனக்கல்லிலும் அப்படித்தான். பரிசல் ஓட்டுகிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மீன் வறுத்துத் தருகிற அக்கா, இவர்களைப் படத்தில் ஓரமாக வைத்துவிட்டு அருவியை நடுவில் வைக்கிறோம். பரிசலின் அடியில் அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள். செத்த மாட்டைத் தூக்கித் தோல் உரித்தவர் யார் என்று இந்தப் பத்திரிகை வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் ஏறி 'கண்ட கூட்டம்' நின்றுபோனால் முதலில் அணைவது அந்த அக்காவின் அடுப்பு. ஓட்டல் சாப்பாட்டோடு வருகிறவர் பாறையில் உட்கார்ந்து மீன் தின்னப் போவதில்லை.

கூட்டத்தால் கேடே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஷாம்பு பாக்கெட்டும் பிளாஸ்டிக் பையும் ஆற்றில் கிடப்பது பொய்யல்ல. யானை நடக்கிற வழியில் பாட்டில் உடைத்துப் போடுகிறவனை எந்தப் பேர் சொல்லியும் காப்பாற்ற முடியாது. அந்தக் குப்பையை அள்ளுகிற கை யாருடையது என்று பார்த்தால் கூட்டத்தின் விலை நமக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்கலாம். எப்படிக் குறைப்பது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

காவிரியில் வெள்ளம் வந்தால் மாவட்ட ஆட்சியர் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடுகிறார். காரில் வந்தவருக்கும் டெம்போவில் வந்தவருக்கும் ஒரே தடைதான். யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6000 வண்டி, வார இறுதியில் 8000 என்று எண்ணி விட்டார்கள். பாஸுக்குக் காசு இல்லை, அரசுப் பஸ்ஸில் போகிறவருக்குப் பாஸே தேவையில்லை. குறையில்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன், ஆனால் அது எண்ணியது வண்டியை, பணப்பையை அல்ல. அடைத்துக்கொண்டு நிற்பது கார் என்றால் காரை எண்ணுவதுதானே நியாயம்?

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்காக 1969இல் மகுலேகே மக்களை விரட்டினார்கள். நிறவெறி ஆட்சி போனபின் 1998இல் அந்த நிலம் அவர்களுக்கே திரும்பியது. அவர்கள் காட்டை அழிக்கவில்லை. காடாகவே வைத்துக்கொண்டு அதிலிருந்து வருகிற சுற்றுலா வருமானத்தில் பங்கு வாங்குகிறார்கள். மக்கள் கையில் கொடுத்தால் காடு அழியும் என்கிற பொதுப்புத்திக்கு இது பதில்.

நாம் கேட்க வேண்டியவை எளியவை. ஆளைக் குறைக்கக் கட்டணத்தைக் கருவியாக்காதே. குறைக்க வேண்டுமென்றால் எண்ணிக்கை வை, வரிசை வை. செல்போன் இல்லாதவருக்கும் அந்த வரிசையில் இடம் வை. பஸ்ஸில் வருகிறவரை முதலில் விடு. வாங்கிய பணத்தில் குப்பை அள்ளுகிறவருக்கு எவ்வளவு, காட்டோர ஊர்களுக்கு எவ்வளவு என்று அதே பலகையில் எழுது. எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்யும் இடத்தில் பரிசல்காரரையும் மீன் வறுக்கிற அக்காவையும் மலைக் கிராமத்துக் கிராமசபையையும் உட்கார வை.

அந்தச் சூழலியல் நண்பர்கள் மறுபடி கூட்டம் போட்டால் மறுபடி போவோம். காடு அவர்களுக்கு மட்டும் பிரியமானதல்ல, நமக்கும்தான். இந்தத் தடவை பின்வரிசையில் காதோடு காதாகப் பேசிச் சிரித்துவிட்டு வருவதாக இல்லை. எழுந்து நின்று கேட்கப் போகிறோம்: "அய்யா, கூட்டம் கொறையும்னு சொன்னீங்களே, கொறையப் போற ஆள் யார் யாருன்னு பேர் சொல்லுங்க."