கஸ்ஸாலி மறுத்தது எதை?

'தத்துவத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தகர்த்துவிட்டார்கள். இனி அது எதற்கு?' என்போருக்கு நாம் சுட்ட விரும்புவது, 1095இல் நிறைவுற்ற 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையை. கிரகணத்திற்கு வானியலார் கூறும் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கிறார் என்கிறார்கள் இமாமவர்கள். நூல் மறுப்பது தத்துவவாதிகளின் 20 கருத்துகளையே. அளவையியலாகிய மன்திக்கை அன்று. பின்னர் எழுதிய 'அல்முஸ்தஸ்ஃபா'வுக்கு மன்திக்கையே முகவுரையாக்கினார்கள்.

2019 டிசம்பர் 26 அன்று தாம்பரத்தில் பகுதிச் சூரிய கிரகணம் தெரிந்தது. நிலவு மறைப்பதே காரணம் என அறிந்தவரும் கிரகணத் தொழுகையில் நிற்கலாம். அறிவும் வணக்கமும் அங்கே மோதுவதில்லை. அதுபோன்றே, வண்டலூரிலும் பல்லாவரத்திலும் கைப்பேசிவழி வந்து குடும்பங்களைக் கலக்கும் வதந்திக்கு 'ஆதாரம் யாது?' எனக் கேட்பது, செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் இறைவசனமும் (49:6) மன்திக்கும் ஒருங்கே கற்பிக்கும் பாடம். மன்திக்கை மனனத்தோடு முடித்துவிடும் பாடசாலைகள், கஸ்ஸாலியின் பெயரால் கஸ்ஸாலியையே இழக்கின்றன.