பழம்படச்சுருளும் சாட்சியும்

மூலபாடத்தையும் வியாக்கியானத்தையும் வேறுபடுத்திக் காணப் பயின்ற நாம், வாழ்க்கை வரலாற்று ஆவணப்படங்களையும் அவ்வாறே ஆராய்தல் தகும்.

காந்தியடிகளைப் பற்றி ஏ. கே. செட்டியார் 1940-இல் வெளியிட்ட படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பல நாடுகளில் அலைந்து, பிறர் தத்தம் நோக்கங்களுக்காக எடுத்திருந்த சுமார் 50,000 அடிப் படச்சுருளை அவர் திரட்டினார். அதில் ஒரு பகுதியே திரைக்கு வந்தது. ஆகவே சுருள் மூலபாடம். தெரிவும் வரிசையும் பின்னணி உரையும் செட்டியாரின் வியாக்கியானம்.

இவ்வேறுபாடு மறக்கப்படின் விளைவது என்ன? 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, அங்கே படமெடுத்தவரும் மாண்டார். கருவியிலிருந்த படங்கள் எஞ்சின. அவை குற்றத்துக்குச் சான்றாயின. ஆயினும் வாழ்க்கைப் படமொன்று அவற்றையே தொடக்கமும் முடிவுமாகக் கொள்ளுமாயின், 46 ஆண்டு வாழ்வு ஒரு மரணத்தின் முன்னுரையாகச் சுருங்கும். உடன் மாண்டோர் வெறும் பின்னணியாவர்.

எவர், எப்போது, எதற்காக எடுத்த சுருள் என்பதை உரைப்பதும், படமில்லாத ஆண்டுகளைப் பொருந்தாத காட்சிகளால் நிரப்பாதிருப்பதும் இயக்குநரின் கடமை. மௌனமும் சாட்சியின் ஒரு பகுதியே.