கட்டெறும்பின் கண் எங்கே?

2022 அக்டோபரில் ஓர் எறும்பின் முகம் உலகைக் கலக்கியது. நிக்கான் நிறுவனம் 1975 முதல் நடத்திவரும் 'ஸ்மால் வேர்ல்ட்' நுண்ணோக்கிப் படப் போட்டிக்கு லித்துவேனியாவைச் சேர்ந்த யூகேனியுஸ் கவாலியாவ்ஸ்காஸ் அனுப்பிய படம் அது. அந்த ஆண்டு முதல் பரிசு பெற்றது, மடகாஸ்கர் பல்லியின் கருவில் வளரும் கை. எறும்புக்குக் கிடைத்தது பாராட்டுப் பட்டியலில் ஓர் இடம் மட்டுமே. ஆனால் ஊர் சுற்றியது எறும்புதான். சிவந்து கனலும் இரு கண்கள், பொன்னிறக் கோரைப்பற்கள், சுருக்கம் விழுந்த கருந்தோல் என்று பேய்ப் படத்துக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது.

அவை கண்களே அல்ல. உணர்கொம்புகள் தலையில் வந்து பொருந்தும் இடங்கள். எறும்பின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கும். படத்திலிருப்பது கேம்போனோட்டஸ் என்ற பேரினம். நம் வீட்டு முற்றத்தில் ஊரும் கட்டெறும்பும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். பூச்சியியல் தெரிந்தவர்கள் விளக்கம் சொல்லத்தான் செய்தார்கள். படம் போன வேகத்தில் விளக்கம் போய்ச்சேரவில்லை.

எடுத்தவர் எதையும் மறைக்கவில்லை. எந்த உயிரினம், எத்தனை மடங்கு பெரிதாக்கியது, எந்த முறையில் எடுத்தது என்பதெல்லாம் போட்டியின் பக்கத்தில் படத்துக்குக் கீழே இருந்தன. பகிரப்பட்டபோது அந்த வரிகள் கழன்று விழுந்தன, அவ்வளவே. ஆனாலும் பூச்சிகளை மிக நெருங்கிப் படமெடுக்கும் மேக்ரோ கலையின் வலிமையும் கோளாறும் இந்த ஒரே படத்தில் சேர்ந்தே இருக்கின்றன. மயிர்க்கால் வரை துல்லியம். பார்ப்பது எதை என்று மட்டும் தெரியாது.

துல்லியத்தின் மீதான இந்த மோகத்துக்கு ஒளியியல்தான் காரணம். பூச்சியை அதன் நிஜ அளவுக்கே சென்சாரில் விழ வைத்து, எஃப் 8 துளையில் எடுத்தால், ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஐந்து மடங்கு பெரிதாக்கி எஃப் 2.8-ல் எடுத்தால் அது 0.05 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஈயின் கண் தெளிவாக விழுந்தால் மூக்குப் பக்கம் மங்கும். துளையைச் சிறிதாக்கி ஆழத்தைக் கூட்டலாம் என்று பார்த்தால், ஒளி விளிம்பில் வளைந்து சிதறிப் படம் முழுக்கவே மொழுக்கென்று ஆகிவிடும். நெருங்க நெருங்க இந்த இழுபறி முற்றும்.

வயலிலும் வேலியோரத்திலும் படமெடுப்பவர்கள் இதை உடம்பால் சமாளிக்கிறார்கள். பனி காயாத விடியற்காலையில் பூச்சிகளுக்கு உடல் சூடேறியிருக்காது. தட்டான்கள் புல்நுனியில் பனித்துளி போர்த்தி அசையாமல் தொங்கும். இடது கையால் புல்லின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால், காற்றடித்தாலும் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதில்லை. மூச்சை அடக்கி, உடம்பை ஒரு நூலளவு முன்னே சாய்த்து, கண்ணின் அறுகோணங்கள் பளிச்சென்று தெரியும் நொடியில் அழுத்த வேண்டும். வெளிச்சத்துக்கு ஃபிளாஷ். அதை அப்படியே அடித்தால் வண்டின் ஓட்டில் வெள்ளைப் பொட்டு விழுந்து நிறமே தெரியாது. பிரிங்கிள்ஸ் சிப்ஸ் டப்பாவை வெட்டி உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டிச் செய்த டிஃப்யூசர்கள் பல நல்ல படங்களின் பின்னால் இருக்கின்றன. விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள் சாதாரண லென்ஸையே ஒரு வளையம் போட்டுத் திருப்பி மாட்டுகிறார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தூரம் போக முடிகிற புகைப்படத் துறை வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதற்கு மேலும் துல்லியம் வேண்டுமென்றால் ஃபோகஸ் ஸ்டாக்கிங். ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்திப் பத்து, நூறு, ஆயிரம் படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் ஹெலிக்கான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்களால் தைத்து ஒரே படமாக்குவது. நடுவில் பூச்சி உணர்கொம்பை அசைத்தால் படத்தில் கொம்பு நான்காகிவிடும். இரண்டு மயிர்கள் குறுக்கிடும் இடத்தில் புகை படிந்தாற்போல் ஒரு விளிம்பு நிற்கும். ஆக, இந்த முறைக்கு முதல் தேவை அசையாத பூச்சி.

உயிருள்ள பூச்சி அசையும். தொல்லை இங்கேதான் ஆரம்பிக்கிறது. தூங்கும் பூச்சியைத் தேடிப் போகலாம். அதற்குப் பொறுமை வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து விறைக்கச் செய்து, கிளையில் உட்கார்த்தி எடுக்கலாம். கொன்றும் எடுக்கலாம். முழுக்கூர்மையான படமே நல்ல படம் என்ற அளவுகோல் ஒருமுறை நிலைத்துவிட்டால், தொடக்கக்காரர்கள் ஃபிரிட்ஜை நோக்கி நடப்பதைத் தடுப்பது கடினம்.

செத்த பூச்சியைப் படமெடுப்பதே தவறு என்பதல்ல வாதம். பிரிட்டனின் லெவன் பிஸ் 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'மைக்ரோஸ்கல்ப்சர்' என்ற கண்காட்சி வைத்தார். அத்தனையும் அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்திருந்த மாதிரிகள். ஒரு பூச்சியை ஏறக்குறைய 30 பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, கேமராவைப் பத்து மைக்ரான் பத்து மைக்ரானாக நகர்த்தி, ஒரு முழுப் படத்துக்கு எட்டாயிரத்துக்கும் மேல் எடுத்துச் சேர்த்தார். மில்லிமீட்டர் கணக்கிலான வண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குச் சுவரில் நின்றது. மேல்தோலின் குழிகளும் வரிகளும் நிறம் மாறும் செதில்களும், பூச்சி ஆராய்ச்சியில் தலை நரைத்தவர்களையும் வாயடைக்க வைக்கும் அளவுக்குத் தெரிந்தன. குறை சொல்ல ஒன்று உண்டு. கொம்புக்கு ஒரு வெளிச்சம், காலுக்கு ஒரு வெளிச்சம், ஓட்டுக்கு ஒரு வெளிச்சம் என்று தனித்தனியாக ஒளியமைத்துச் சேர்த்ததால், அந்த வண்டின் மீது அப்படியொரு ஒளி எந்த நொடியிலும் விழுந்ததில்லை. ஆனால் அவர் இதை மூடி மறைக்கவில்லை. செய்முறையை முழுக்கச் சொன்னார். சிற்பம் என்ற பெயரும் பொருத்தமாகவே விழுந்தது.

அமெரிக்காவின் மேரிலாந்தில் சாம் டிரோஜ் தலைமையிலான அரசுத் தேனீ ஆய்வகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணக்கெடுப்புக்காகப் பிடித்த தேனீக்களைச் சோப்புத் தண்ணீரில் அலசி, காற்றடித்து மயிரை உலர்த்திப் பொசுபொசுவென்று ஆக்கி, கறுப்புப் பின்னணியில் எடுக்கிறார்கள். எங்கே கிடைத்தது என்ற விவரத்தோடு, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்தாளலாம் என்று பொதுவில் போட்டுவிடுகிறார்கள். பல்லாயிரம் தேனீ இனங்கள் இருக்க, தேனீ என்றாலே தேன் கூட்டுத் தேனீதான் என்று நினைத்திருந்தவர்களுக்கு, பச்சையும் நீலமுமாக மின்னும் தேனீக்களை முதன்முதலில் காட்டியவை இத்தகைய படங்கள்தான்.

கோளாறு, செத்ததை உயிருள்ளதாகக் காட்டுவதில் இருக்கிறது. இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட முன்னோடி உண்டு. அவரும் லித்துவேனியாவில் வேலை பார்த்தவர் என்பது வேடிக்கை. அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த கௌனஸ் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிய லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச், 1910 வாக்கில் கொம்பு வண்டுகளின் சண்டையைப் படம்பிடிக்க முயன்றார். இரவாடிகளான அவை விளக்கைப் போட்டதும் அடங்கிவிட்டன. மனிதர் செத்த வண்டுகளுக்குக் கம்பிக் கால்கள் பொருத்தி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திச் சண்டை போட வைத்தார். 1912-ல் வெளியான 'கேமராக்காரனின் பழிவாங்கல்' படத்தில் வண்டுகள் கள்ளக்காதலே செய்தன. பழக்கிய பூச்சிகள் என்று நம்பியவர்கள் உண்டு. ஸ்டாரெவிச் செய்தது கதைப்படம். ஏமாந்தவர்கள் ரசித்து ஏமாந்தார்கள். இன்று வண்டின் மேல் தவளை சவாரி, இலையைக் குடையாகப் பிடித்த பூச்சி என்று சுற்றும் படங்களோ இயற்கையின் அபூர்வக் காட்சி என்ற பெயரில் வருகின்றன. பூச்சிகளின் நடத்தை தெரிந்தவருக்கு இவை சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கும். தெரியாத பள்ளிப் பிள்ளைக்கு அதுவே பாடம்.

உயிரோடு விட்டு எடுத்த படம் என்ன சாதிக்கும் என்பதற்கு மலேசியாவிலிருந்து ஒரு சாட்சி. ஹாக் பிங் குவெக் சிலாங்கூர் காட்டில் ஒரு பச்சைக் கண்ணாடியிறகுப் பூச்சியைப் படமெடுத்துவிட்டு, அதைப் பறக்க விட்டார். இணையத்தில் ஏற்றிய படத்தைக் கலிஃபோர்னியாவில் இருந்த பூச்சியியலாளர் ஷான் வின்டர்டன் தற்செயலாகப் பார்த்தார். இறக்கையின் அடியில் கறுப்பு வரியும் நீலப் புள்ளிகளும். அறிந்த எந்த இனத்திலும் அப்படி இல்லை. ஆனால் படத்தை மட்டும் வைத்துப் பெயரிட அவர் துணியவில்லை. குவெக் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பின்னொரு நாளில் ஒன்றைப் பிடித்தார். மாதிரி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. 2012-ல் அந்த அருங்காட்சியக ஆய்வாளர் ஒருவரையும் சேர்த்து மூவருமாக அதற்கு 'செமக்ரைசா ஜேட்' என்று பெயரிட்டார்கள். புகைப்படக்காரரின் பெயரும் ஆய்வாளர் வரிசையில் ஏறியது.

மூன்றே ஆண்டில் மறுபக்கம் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில், மரம் துளைக்கும் கருந்தேனீயைப் போலவே வேடம் போட்ட ஓர் ஈயை, மாதிரி எதுவும் கைவசம் இல்லாமல் படங்களை மட்டுமே ஆதாரமாக வைத்து மார்ஷலும் ஈவன்ஹுயிஸும் 2015-ல் புதிய இனமாக அறிவித்தார்கள். விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்புத்தகத்தில் அதற்கு ஓர் இடுக்கு இருந்தது. வகைப்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் கனமாகவே இருக்கிறது. நெருங்கிய உறவுப் பூச்சிகளைப் பிரித்தறியப் பல சமயம் ஆணின் பிறப்புறுப்பை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மரபணு எடுக்க ஒரு காலாவது வேண்டும். முதுகுப் பக்கம் எத்தனை மெகாபிக்சலில் மின்னினாலும் அதற்கு ஈடாகாது.

ஆனால் மாதிரி பிடிப்பது எல்லா நாட்டிலும் எளிதல்ல. 2008-ல் டார்ஜிலிங் அருகே சிங்கலிலா தேசியப் பூங்கா பகுதியில் அனுமதியின்றி வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பிடித்ததாகச் செக் நாட்டுப் பூச்சியியலாளர்கள் இருவர் கைதானார்கள். இந்தியாவின் 1972 வன உயிரினச் சட்டப் பட்டியலில் பல வண்ணத்துப்பூச்சிகள் இருக்கின்றன. வலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போக முடியாத ஆர்வலருக்குக் கேமராதான் வலை. எடுத்த இடம், தேதி, உட்கார்ந்திருந்த செடி ஆகியவற்றோடு ஏற்றிய படம், எந்தப் பூச்சி எந்த மாதத்தில் எந்த மலையில் பறக்கிறது என்ற கணக்குக்கு உதவும். இவை இல்லாத அழகுப் படம் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

பின்னணியைக் கறுப்பாக்கி முகத்தை மட்டும் வெட்டியெடுக்கும் பாணியைப் பரிசுகளும் வளர்க்கின்றன. ஆனால் எல்லாப் பரிசும் அப்படியில்லை. 2022-ன் சிறந்த வன உயிரினப் புகைப்படக்காரர் விருதை அமெரிக்காவின் கரீன் ஐக்னருக்கு வாங்கித் தந்தது தேனீப் படம்தான். டெக்சாஸின் வெந்த மணலில், தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்தது. கள்ளித் தேனீக்கள் பந்தாகச் சுருண்டு உருளுகின்றன. ஒன்றைத் தவிர அத்தனையும் ஆண்கள், நடுவில் சிக்கிய ஒரே பெண்ணுக்காக முட்டிமோதுகின்றன. தனித் தேனீயின் முகத்தை இதைவிடக் கூர்மையாக எடுத்தவர்கள் பலர். அங்கே என்ன நடக்கிறது என்பது இந்தப் படத்தில்தான் இருக்கிறது.

விவசாயிக்கு இந்த வேறுபாடு காசு சம்பந்தப்பட்டது. 2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழக மக்காச்சோளக் காடுகளையும் மொட்டையடித்த படைப்புழுவை அடையாளம் காண இரண்டு குறிகள் உண்டு. தலையில் ஆங்கில 'ஒய்' எழுத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு வெளிர்கோடு. வால் பக்கம், கடைசிக்கு முந்தைய கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். கைபேசியில் எடுத்த சுமாரான படத்தில் இரண்டும் தெரிந்தால் மருந்தா, பொறியா, ஒட்டுண்ணியா என்று அன்றே முடிவெடுக்கலாம். அதே புழுவின் முகத்தை ஐம்பது படம் அடுக்கி, தாடையின் பல் வரை பளபளக்க எடுத்து அனுப்பினாலும், வேளாண் அலுவலர் திருப்பிக் கேட்பார்: "படம் அருமைங்க. வால் பக்கம் ஒண்ணு எடுத்து அனுப்புங்க."