முகம் பெற்றவர்கள்

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இளவரச ஆயரின் அரண்மனை மாடிப்படியில் ஏறுகிறவர் கண்ணில் முதலில் படுவது அமெரிக்கா. இறகு முடி சூடி, திறந்த மார்போடு முதலை மேல் அமர்ந்திருக்கிறாள். அருகே வெட்டுண்ட தலைகள். இடைத்தளத்தில் திரும்பி அடுத்த படிவரிசையில் கால் வைத்தால் எதிரே ஐரோப்பா. நீண்ட பக்கங்களில் ஒட்டகத்தோடு ஆப்பிரிக்காவும் யானை மேல் ஆசியாவும். நடுவானில் கதிரவனாக அப்பல்லோ. பல்தாசர் நோய்மன் எழுப்பிய இந்தத் தூணில்லா விதானம் ஏறத்தாழ 30 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம். 1752-53இல் ஓவியர் தியெபோலோ இதை ஈரச் சுண்ணத்தில் தீட்டினார்.

இதை ஆதிக்கச் சித்திரம் என்று ஒதுக்குவோர் முதலையையும் தலைகளையும் காட்டுவார்கள். எனக்கு அந்தச் சான்று போதவில்லை. அவை தியெபோலோவின் கற்பனையே அல்ல. செசாரே ரீப்பாவின் உருவகக் கையேட்டின் 1603ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இருப்பவை. அதில் ஆசியாவுக்கு ஒட்டகம். ஆப்பிரிக்காவின் தலையில் யானைத் தலை. தியெபோலோவிடம் இரண்டும் இடம் மாறிவிட்டன. எந்த விலங்கை எங்கே கட்டினாலும் பொருந்தும் என்றால், அந்த நிலங்களைப் பற்றிய அறிவு அங்கே தேவைப்படவே இல்லை என்றுதானே பொருள்?

ஓவியத்தின் பக்கம் நிற்பவர்களின் வாதம் வலுவானது. கலை வரலாற்றாசிரியர்கள் ஸ்வெத்லானா ஆல்பர்ஸும் மைக்கேல் பாக்சாண்டலும் 1994இல் வெளியிட்ட நூலில், நகரும் பார்வையாளருக்கும் மாறும் வெளிச்சத்துக்கும் இந்த விதானம் எப்படி ஈடுகொடுக்கிறது என்று நுணுக்கமாகக் காட்டினார்கள். ரோமில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் பொத்சோ வரைந்த விதானத்தோடு ஒப்பிட்டால் அந்த வாதத்தின் வலு இன்னும் விளங்கும். அங்கே ஒளி கிறிஸ்துவிடமிருந்து இஞ்ஞாசியாரின் நெஞ்சுக்கு வந்து, பிறகே கண்டங்களுக்குப் பிரிகிறது. கண்டங்கள் வெறுமனே வாங்கிக்கொள்கின்றன. தியெபோலோவின் மனிதர்களோ மூட்டை சுமக்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், நமக்கு முதுகு காட்டித் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். தூரிகை அவர்களை இகழவில்லை. இதை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஐரோப்பாவின் பக்கம் போய் நின்று பாருங்கள். பீரங்கி மேல் சீருடையோடு சாய்ந்திருப்பவர் நோய்மன். மூலையில் தியெபோலோவும் மகனும். சுதைச் சிற்பி பொஸ்ஸியும் இருக்கிறார். மேலே புகழ் தேவதை ஏந்திச் செல்வது ஓவியத்துக்குக் காசு கொடுத்த ஆயர் கிரைஃபென்கிளாவின் உருவப்படம். இங்கே மனிதர்கள் இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடியவர்கள். மற்ற மூன்று பக்கங்களில் அவர்கள் வெறும் மாதிரிகள். அநீதி முதலையில் இல்லை, இந்தப் பங்கீட்டில் இருக்கிறது. கையேட்டின் மேல் பழிபோட்டுத் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் யாரை உருவப்படமாக வரைவது என்பது எந்தக் கையேடும் எடுத்த முடிவல்ல.

ஆகவே என் தீர்ப்பு: பதினெட்டாம் நூற்றாண்டின் விதான ஓவியங்களில் இதற்கே முதலிடம், உலகத்தின் படம் என்ற உரிமைக்கோரிக்கை மட்டும் தள்ளுபடி. இது ஓர் அரசவையின் படம். அந்த அவையினர் எவரையும்விட, தலைப்பாகையோடு ஒட்டகத்தின் மேல் வீற்றிருக்கும் ஆப்பிரிக்கப் பெண்ணையே தியெபோலோ கூடுதல் அன்போடு தீட்டியிருக்கிறார். அவளுக்குக் கிடைத்தது ஒரு கண்டத்தின் பெயர்.